பக்கத்து மேசைக்காரி

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்ன கோளாறு என்று சொல்லி முடித்ததும், அவள் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “தெரியலையே” என்பாள்.

பட்டறையில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டு பேரும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்கள். அவள் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள் என்பதால் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் எப்போதும் ‘அவள்’தான். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில், ஆமத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தப் பட்டறை. பருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்தினார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பேட்டரி ஸ்கூட்டர்களைப் பழுது பார்ப்பது, டீசல் ஆட்டோக்களின் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரியும் மோட்டாரும் பொருத்திக் கொடுப்பது, இவைதான் தொழில். அதில் வரும் மோட்டார்கள் பிரஷ் இல்லாதவை. பழைய மோட்டாரில் நடுவில் சுற்றும் சுருளுக்கு மின்சாரம் போக கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். இதில் சுருள் அசையாது, காந்தம்தான் சுற்றும். காந்தம் இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று உள்ளே இருக்கும் மூன்று சென்சார்கள் சொல்லும். அதைக் கேட்டு, எந்தச் சுருளுக்கு மின்சாரம் விடலாம் என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். நொடிக்குப் பலநூறு தடவை இந்த முடிவு மாறும். கல்லூரியில் எனக்குப் பிடித்த பாடமே இதுதான். கேள்வி கேட்டால் பாதியிலேயே பதில் சொல்கிற பழக்கம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

வண்டிக்காரர்களிடமும் அப்படித்தான். “மேடு ஏறும்போது உதறுதுங்க” என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால், “சென்சார் போயிருக்கும், நாளைக்கு வாங்க” என்பேன். பெரும்பாலும் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனாலும் அவர்கள் கிளம்பும்போது பக்கத்து மேசையை ஒரு தடவை பார்ப்பார்கள். “அந்தம்மாவும் ஒரு பார்வை பாத்துட்டா நல்லாருக்கும்” என்பார்கள்.

அந்தம்மா என்ன செய்வாள்? வந்தவரையே கீழே உட்காரச் சொல்வாள். “நீங்களே சுத்திப் பாருங்க, கைக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க” என்பாள். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த வயர்களின் முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றச் சொல்வாள். சக்கரம் மணலில் மாட்டியதுபோல இறுகும். வயரை விட்டால் இலகுவாகச் சுற்றும். அவர் அதை நாலு தடவை செய்துபார்த்துச் சிரிப்பார். சுற்றுகிற மோட்டார் தானே மின்சாரம் தயாரிக்கும், வயர்களைச் சேர்த்தால் அந்த மின்சாரமே அதைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான் விஷயம். அதை நானும் சொல்லியிருக்கிறேன், இதைவிடத் தெளிவாக. யாரும் சிரித்ததில்லை.

அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அவள், “எனக்கு இன்னும் தெரியல. வண்டி இங்கன இருக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்” என்பாள். அவர் நிம்மதியாகப் போவார். கோளாறைக் கண்டுபிடித்து முடித்த ஆள் இங்கே இருக்க, இன்னும் தெரியாத ஆளிடம் வண்டியை விட்டுப்போக எப்படி மனது வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு தடவை மதியச் சாப்பாட்டுக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “இது எப்படிம்மா வைக்கிறது? எனக்குக் கருவாடு ஆயவே தெரியாது” என்றாள். அம்மா அடுப்படிக்கே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். நான் இருபத்து நாலு வருடம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன், கேட்கத் தோன்றியதில்லை. அவள் போன பிறகு அம்மா, “அந்தப் பிள்ளைக்குத்தான் எம்புட்டுப் பணிவு. நீயும் கூடத்தான் வேலை பாக்குற” என்றார். கூடத்தான் வேலை பார்த்தேன். அதுதானே தொந்தரவு.

இது நடிப்பாக இருக்குமோ என்று ரொம்ப நாள் நினைத்தேன். தெரிந்துகொண்டே தெரியாததுபோலக் காட்டி, பிறகு கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்குகிற தந்திரம். அப்படி இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு நாள் சோதித்தும் பார்த்தேன். சென்சார் இல்லாத மோட்டார், நிற்கிற நிலையிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்று, தெரியாதவள்போலக் கேட்டேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். “தெரியலடி” என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் ஒரு அட்டையைக் கிழித்துப் படம் போட்டாள். “அது நிக்கிறப்போ காந்தம் எங்க இருக்குன்னே கன்ட்ரோலருக்குத் தெரியாது. சும்மா ஒரு பக்கமாத் தள்ளிவிடும். கொஞ்சம் சுத்திட்டா, மின்சாரம் விடாத சுருள்ல ஒரு வோல்டேஜ் வரும்ல, அதைப் பாத்து எங்க இருக்கோம்னு பிடிச்சுக்கும். அதான் முதல்ல லேசா உதறுது.” அட்டையை என்னிடமே கொடுத்தாள். ஒரு பிசிறு இல்லாத பதில். தெரிந்ததைத் தெரியும் என்றே சொன்னாள். அன்றைக்கு என் கையில் இருந்த கடைசிச் சந்தேகமும் போனது.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒருவர் வந்தது அந்த வருடம் வெயில் காலத்தில். மருந்து கலக்கும் அறையில் ஆட்கள் வெக்கையில் தவிக்கிறார்கள், பேட்டரியில் ஓடும் ஃபேன் மாட்ட வேண்டும் என்றார். “பிரஷ் இல்லாத மோட்டார்ல பொறியே வராதாமே. பொறி வராட்டி மருந்து ரூம்ல மாட்டுறதுக்கு என்ன?”

நான் எழுந்து நின்றேன். இது எனக்குத் தெரிந்த இடம். “மாட்டவே கூடாதுங்க” என்று ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். மோட்டாருக்குள் பொறி வராதுதான். ஆனால் பேட்டரியைக் கன்ட்ரோலரில் சொருகும்போது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும், அங்கே பொறி வரும். சுவிட்சில் வரும். வயர் தளர்ந்தால் வரும். ஃபேன் இறக்கையில் மருந்துத் தூசி உரசி, நிலைமின்சாரம் சேரும். சட்டமும் அதை அனுமதிக்காது. ஒன்றில்கூடத் தப்பில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “விக்கிறவன் வேற மாதிரி சொல்றானே” என்றார். பிறகு அவர் கண் பக்கத்து மேசைக்குப் போனது.

அவள் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, “மோட்டாரைப் பத்தி எனக்குத் தெரியும் சார். உங்க மருந்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாருக்கு” என்றாள்.

அவர், “நெசந்தான். எனக்கே தெரியாது” என்றார். ஃபேன் வேண்டாம், கூரையை உயர்த்திக் காற்றோட்டம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது எங்கள் முதலாளியிடம், “ஒரு நல்ல பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கீக” என்றார். ஒரு பிள்ளை. இரண்டு பேர் அங்கே இருந்தோம்.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது ஆட்டோ விஷயம்தான்.

நாங்கள் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்த ஆட்டோக்கள் பலவும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடின. தீபாவளிக்கு முன்னால், சீசன் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு காலை வேளையில் அதில் ஒன்று ஆமத்தூர் வளைவில் தானாகச் சீறிப் பாய்ந்தது. டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க விட்ட பிறகும் வேகம் குறையவில்லை. அவர் பதறிப்போய் பிரேக்கை அழுத்த, அதிலுள்ள சுவிட்சால் மோட்டாருக்கு மின்சாரம் நின்று, போன வேகத்திலேயே வண்டி கருவேல முள்ளுக்குள் போய்ச் சாய்ந்தது. உள்ளே இருந்த ஐந்து பெண்களுக்கும் முள் கிழித்த காயம். மூத்தவருக்கு இடது கை முறிந்தது.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். டிரைவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டர் கைப்பிடியிலிருந்து மூன்று மெல்லிய வயர்கள் கன்ட்ரோலருக்கு வருகின்றன. ஒன்று மின்சாரம், ஒன்று கிரவுண்டு, ஒன்று எவ்வளவு வேகம் வேண்டும் என்று சொல்லும் சிக்னல். கிரவுண்டு வயர் அறுந்தால் சிக்னல் உச்சத்துக்கு ஏறிவிடும். டிரைவர் முழு வேகம் கேட்கிறார் என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். நல்ல கன்ட்ரோலராக இருந்தால் வழக்கமான அளவுக்கு மேல் போன சிக்னலைச் சந்தேகப்பட்டு மோட்டாரை நிறுத்திவிடும். வெளியூர்க் கம்பெனியிலிருந்து முதலாளி வாங்கியிருந்த இந்தக் கன்ட்ரோலரில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

“ஆக்சிலேட்டர் கிரவுண்டு வயர்தான் அண்ணாச்சி. கைப்பிடி திரும்புற இடத்துல உள்ளுக்குள்ள அறுந்திருக்கும். எல்லா ஆட்டோவுக்கும் அந்த வயரை மாத்திட்டு, கன்ட்ரோலர் புரோகிராம்ல ஒரு வரி சேத்துட்டா முடிஞ்சுது. நாளைக்கே ஓட்டலாம்” என்றேன்.

முதலாளி அவளைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியல அண்ணாச்சி” என்றாள். “தெரியுற வரைக்கும் எந்த ஆட்டோவும் ஓட வேண்டாம்.”

“சீசன் நேரம். ஆட்டோ இல்லாட்டி அந்தப் பொம்பளைக எப்படி வேலைக்குப் போவாக?”

“பஸ்ஸுல போகட்டும். இல்லாட்டி லீவு போடட்டும்.”

நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். “அக்கா, இது அந்த வயர்தான். வேற எதுவும் இருக்க வழியே இல்ல. எனக்குத் தெரியும்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். “ஆனா எனக்குத் தெரியலையேடி. ஏறி உட்காரப் போறது நீயும் நானும் இல்ல.”

முதலாளி அவள் பக்கம் நின்றார். ஆட்டோக்கள் எல்லாம் பட்டறை வாசலில் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தை உயர்த்தி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுற்ற, ஒவ்வொரு வயராகக் கழற்றியும் மாட்டியும் பார்த்தாள். சென்சார் வயரைப் பிடுங்கினாள், உதறியது. பாயவில்லை. கன்ட்ரோலரைச் சூடாக்கினாள், நின்றது. பாயவில்லை. தண்ணீர் ஊற்றினாள். நான் கூடவே நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவேதான் நடந்தது. வாரக் கடைசியில் அவள் ஆக்சிலேட்டர் வயருக்கு வந்தாள். கிரவுண்டு வயரைக் கத்தரித்ததும் சக்கரம் அலறிக்கொண்டு முழு வேகத்தில் சுற்றியது. விபத்தான வண்டியின் வயரை உரித்தால், நான் சொன்ன அதே வளைவில், உறைக்குள்ளே அறுந்திருந்தது.

வேறு எந்தக் காரணமும் இல்லை. முதல் நாள் காலையில் நான் சொன்னது எதுவோ, அதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வயரையும் புரோகிராமையும் மாற்றி ஆட்டோக்களைத் திருப்பிக் கொடுக்கும் அன்று டிரைவர்களும் சில பெண்களும் வந்திருந்தார்கள். கையில் கட்டுப் போட்ட அந்த மூத்த அம்மாவும் வந்திருந்தார். அத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் கூலி போனவர்கள். கட்டாயம் ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றும் நினைத்தேன்.

அவள் முன்னால் போய் நின்றாள். அறுந்த வயரை எல்லாரிடமும் காட்டினாள். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“இவ முதல் நாளே சொல்லிட்டா, இந்த வயர்தான்னு. நான்தான் நம்பாம இத்தனை நாள் இழுத்துட்டேன். உங்க கூலி போனதுக்கு நான்தான் காரணம்” என்றாள்.

இதைவிட வெளிப்படையாக ஒருவருக்குப் பெருமை சேர்க்க முடியாது. நான் தயாராக நின்றேன். கட்டுப் போட்ட அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்படி எந்திரிச்சு நின்னு நான்தான் காரணம்னு சொல்ல எத்தனை பேருக்குத் தாயி மனசு வரும்?” என்றார். “கூலி கெடக்கு. நீ பாத்துட்டேல்ல, இனி நாங்க பயமில்லாம ஏறுவோம்.”

என்னைப் பாராட்டியே என் பாராட்டையும் அவள் வாங்கிக்கொண்டாள். அதை வேண்டுமென்று செய்திருந்தாலாவது ஏசித் தீர்த்திருப்பேன். அவளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. அந்த அம்மா கொண்டுவந்திருந்த சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தை அப்படியே என் மேசையில் வைத்து, “இது உனக்குத்தான் சேரணும்” என்றாள். வீம்புக்கு அதைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். பூண்டு வாசம் இழுத்தது. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசியை நானே தின்று தீர்த்தேன்.

அடுத்த வருடம் ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். ஒருவர் பின் ஒருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். வெளியே வந்து அவளிடம் கேட்டபோது, “ரெண்டு கேள்விக்குத் தெரியலன்னுட்டேன்டி. ஆனா எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு அவுககூடப் பேசிக்கிட்டே இருந்தேன், நேரம் போனதே தெரியல” என்றாள். திரும்பி வரும் ரயிலில் அவள் நன்றாகத் தூங்கினாள். நான் விருதுநகர் வரும் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது, “அந்தப் பிள்ளைக்கா? சந்தோசம்” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கும் கிடைக்கும்” என்றார்.

அவள் போன பிறகு அண்ணாச்சி பட்டறை முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். பக்கத்து மேசை காலியாக இருந்தது. இனி யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வருகிறவர்கள் காலி மேசையைப் பார்த்து, “அவுக எங்க?” என்று கேட்டார்கள்.

போன மாதம் சாத்தூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஸ்கூட்டருடன் வந்தார். தனியாகப் போனால் வண்டி நன்றாக ஓடுகிறது, மனைவி பின்னால் உட்கார்ந்தால் மட்டும் கிளம்பும்போது உதறி நின்றுவிடுகிறது என்றார். சென்சார்களைப் பார்த்தேன், சரியாக இருந்தன. கன்ட்ரோலரும் சரி, பேட்டரியும் சரி. எனக்கு உண்மையாகவே பிடிபடவில்லை. எழுந்து, அவர் முகத்தைப் பார்த்து, “எனக்குத் தெரியல சார். வண்டி இருக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு பிரயாசை ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

“தெரியலையா?” என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காகளா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. “இருக்காக” என்று அவளுடைய நம்பரைக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார். விவரம் முழுவதையும் சொன்னார்.

“எனக்குத் தெரியலையே சார்” என்றது அவள் குரல். “நீங்க எங்கன இருந்து பேசுறீக? அந்தப் பட்டறையிலயா? அங்கன என் தங்கச்சி ஒருத்தி இருப்பா பாருங்க. என்னைவிடக் கெட்டிக்காரி. அவகிட்ட வண்டிய விட்டுட்டுப் போங்க.”

அவர் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

மறுநாள்தான் கண்டுபிடித்தேன். வயர்கள் சக்கரத்தின் அச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில் உறை நசுங்கியிருந்தது. பின்னால் பாரம் ஏறி வண்டி தணியும்போது மட்டும் சென்சார் வயர் ஒன்று இழுபட்டுத் தொடர்பு விட்டது. வயரை மாற்றி, இழுபடாதபடி தளர்த்திக் கட்டினேன். வாத்தியார் மனைவியுடன் வந்தார். இரண்டு பேரும் ஆமத்தூர் வரை போய்த் திரும்பினார்கள். ஒரு உதறல் இல்லை. இறங்கியதும் அவர் முதல் வேலையாக ஓசூருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார்.

“என்னடி கோளாறு?” என்றாள் ஆவலாக. சொன்னேன்.

“எனக்கு அது தோணியே இருக்காதுடி” என்று சிரித்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். அந்தக் கோளாறு அவளுக்குத் தோன்றியிருக்காது. நல்லா இருக்கீகளா என்று கேட்டேன். இருப்பதாகச் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

வாத்தியார் வண்டியைக் கிளப்பினார். பின்னால் அவர் மனைவி ஏறி உட்கார்ந்தார். வாசல் வரை போனவர் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்.

“அவுக லீவுக்கு ஊருக்கு வந்தா ஒரு வார்த்தை சொல்லிவிடும்மா. எதுக்கும் வண்டிய ஒரு தடவை அவுககிட்டக் காட்டிருவோம்” என்றார்.

“சொல்றேன் சார்” என்றேன்.